புற ஊதா விளக்கு காசநோய்ப் பரவலைத் தடுக்குமா?

சிறிய மருத்துவமனை ஒன்றில் காசநோய்ப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர் கேட்டிருக்கிறார்: வார்டுகளில் புற ஊதா விளக்குகள் மாட்டலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. அவை உண்மையிலேயே கிருமியைக் கொல்லுமா? நோயாளிகளின் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் வராதா? ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போதாதா?

கொல்லும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விளக்கு எந்த அறையில் இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, அறைக் காற்று அதன் கதிரை எட்டுகிறதா, அந்தக் கதிரை யாராவது கருவி வைத்து அளக்கிறார்களா என்பவைதான் பலனைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் கூரையோரம் நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சும். விளக்கு எரிகிறது என்ற தைரியத்தில் ஊழியர்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டால், விளக்கே இல்லாத நிலையைவிட அது மோசம். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காசநோய் தொடுவதால் பரவுவதில்லை. தட்டு, துணி, தரை வழியாகவும் பரவுவதில்லை. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் நுண்ணிய திவலைகள் வெளியேறுகின்றன. அவற்றின் நீர் நொடியில் ஆவியாகிவிட, கிருமியைச் சுமந்த 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் காற்றில் தங்குகின்றன. அவை தரையில் படியாமல் மணிக்கணக்கில் மிதந்து, மூடிய அறைக்குள் சிகரெட் புகை பரவுவதுபோல எல்லா மூலைக்கும் போய்ச் சேருகின்றன. இருமியவர் எழுந்து போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்து உட்காருபவருக்கும் தொற்று வரலாம். ஆகவே நாம் தூய்மைப்படுத்த வேண்டியது காற்றை. அதுவும் மனிதர்கள் அதே அறையில் அமர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே சந்தையில் கிடைக்கும் பாதிப் பொருள்களை ஒதுக்கிவிடலாம். ஆளில்லாத அறையில் ஓடவிடும் சக்கர விளக்குகள், கையில் பிடித்துப் படுக்கையின் மேல் காட்டும் குச்சி விளக்குகள் ஆகியவை பரப்புகளைச் சுத்தம் செய்பவை. வேறு சில கிருமிகளுக்கு அவற்றால் பயன் இருக்கலாம். நோயாளி இருமிக்கொண்டிருக்கும்போது அணைத்து வைக்க வேண்டிய விளக்கு காசநோய்ப் பரவலைத் தடுக்க முடியாது. காசநோய்க்கு உதவுவது, அறையின் மேல்பகுதியில் மட்டும் கதிரைப் பாய்ச்சும் அமைப்பு. ஆள் உயரத்துக்கு மேலே விளக்குப் பெட்டி பொருத்தப்படும். அதன் தகடுகள் கதிரைக் கிடைமட்டமாகவோ மேல்நோக்கியோ மட்டுமே போகவிடும். கீழே இருப்பவர்கள் மீது கதிர் விழாததால், அறையில் ஆள்கள் இருக்கும்போதே நாள் முழுவதும் எரியவிடலாம்.

கிருமி எப்படிச் சாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிர்களில் 100 முதல் 280 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவை யூவி-சி. சூரியனிலிருந்து வரும் யூவி-சி முழுவதையும் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. ஆகவே அதை விளக்கில் உருவாக்கித்தான் ஆக வேண்டும். குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு ஏறத்தாழ 254 நானோமீட்டரில் கதிரை வெளியிடுகிறது. டிஎன்ஏ மிக நன்றாக உறிஞ்சும் அலைநீளத்துக்கு இது பக்கத்தில் இருப்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. உறிஞ்சிய டிஎன்ஏவில் அடுத்தடுத்திருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மரபுக் குறிப்பு சிதைந்த கிருமியால் பெருக முடியாது. பெருக முடியாத கிருமியால் நோய் உண்டாக்கவும் முடியாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமியும் இதிலிருந்து தப்புவதில்லை. மருந்து எதிர்ப்பு கிருமிக்கு வரும் வழி வேறு, கதிர் அதைத் தாக்கும் வழி வேறு. மருந்து எதிர்ப்புக் காசநோய் வார்டுகளில் இந்த விளக்குக்கு இருக்கும் மதிப்பே இதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. 1930களில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ், உலர்ந்த நுண்திவலைகள் காற்றில் மிதந்து நோயைப் பரப்புகின்றன என்று வாதிட்டு, அமெரிக்கப் பள்ளிகளில் மேல்பகுதிப் புற ஊதா விளக்குகளை மாட்டித் தட்டம்மைப் பரவல் குறைவதைக் காட்டினார். ஆனால் காசநோய் காற்றில் பரவுகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மருத்துவர் ரிச்சர்ட் ரைலியும் வெல்ஸும் சேர்ந்து நடத்திய சோதனை. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இதே முறையில்தான் தெரியவந்தது.

1950களின் பிற்பகுதியில், ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டு ஒன்றின் காற்றை முழுவதும் குழாய் வழியாக மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். கினிப்பன்றிக்குக் காசநோய் மிக எளிதில் தொற்றும். அவை எந்த நோயாளியையும் நெருங்கவில்லை. வார்டின் காற்றை மட்டுமே சுவாசித்தன. மாதந்தோறும் அவற்றில் சில தொற்றுக்கு ஆளாயின. இன்னொரு கூட்டத்துக்கும் அதே வார்டின் காற்றுதான் போனது, ஆனால் வழியில் குழாய்க்குள் புற ஊதாக் கதிர் பட்ட பிறகு. அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. பரவும் வழியும் தடுக்கும் வழியும் ஒரே சோதனையில் தெரிந்துவிட்டன.

அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியாசிட் ஆகிய காசநோய் மருந்துகள் வந்துவிட்டதால் மருத்துவ உலகம் விளக்கை மறந்தது. எய்ட்ஸும் மருந்து எதிர்ப்புக் காசநோயும் சேர்ந்து மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவிய பிறகுதான் மீண்டும் நினைவு வந்தது. அப்போது எழுந்த கேள்வி: குழாய்க்குள் வேலை செய்தது சரி, உண்மையான வார்டின் கூரையருகே வேலை செய்யுமா? பெரு நாட்டின் லிமாவில் எய்ட்ஸ்-காசநோய் வார்டு ஒன்றின் மாடியில் கினிப்பன்றிகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு விடை சொன்னது. விளக்குகள் அணைந்திருந்த நாள்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 சதவீதத்துக்குத் தொற்று. விளக்குகள் எரிந்து, காற்றைக் கலக்கும் விசிறிகளும் ஓடிய நாள்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 9.5 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் மருந்து எதிர்ப்புக் காசநோய் வார்டில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் தொற்று ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் தனது 2019 வழிகாட்டுதலில் மேல்பகுதிப் புற ஊதா அமைப்பை நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறது. குறைந்தது, ஒழியவில்லை என்பதைக் கவனியுங்கள். 80 சதவீதம் மிகப் பெரிய லாபம். மீதி 20 சதவீதத்துக்கு முகக்கவசமும் ஜன்னலும் சிகிச்சையும் வேண்டும்.

இனி, எங்கே மாட்டுவது. கேட்டவர் வார்டுகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். என் கருத்து அதிலிருந்து மாறுபடுகிறது. நோய் கண்டறியப்பட்டு, சரியான மருந்தைத் தொடங்கிவிட்ட நோயாளியிடமிருந்து தொற்றும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடுகிறது. அதிகம் பரப்புபவர், தனக்கு என்ன நோய் என்றே இன்னும் தெரியாமல் இருமிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர். அல்லது வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமியோடு, அது தெரியாமல், வழக்கமான மருந்தையே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். முதலாமவர் உட்காரும் இடம் காசநோய் வார்டு அல்ல. புறநோயாளிகள் காத்திருக்கும் கூடம், எக்ஸ்ரே அறைக்கு வெளியே உள்ள நடைவழி, அவசரச் சிகிச்சைப் பிரிவு, பொது மருத்துவ வார்டு. அங்கே அவருக்குப் பக்கத்தில் சர்க்கரை நோயாளியும் கைக்குழந்தையோடு வந்த தாயும் எச்ஐவி தொற்றுள்ளவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் இடத்துக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், நான் காத்திருப்புக் கூடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். அடுத்தது மருந்து எதிர்ப்புக் காசநோய் வார்டு. அதன் பிறகு, நோயாளியை இருமச் செய்து சளி எடுக்கும் இடமும், சுவாசக் குழாய்க்குள் கருவி செலுத்திப் பரிசோதிக்கும் அறையும். சளியை வெட்டவெளியில் எடுக்க முடியுமானால் அதற்கு விளக்கே தேவையில்லை. திறந்த வெளியைவிடச் சிறந்த காற்றோட்டம் எதுவும் கிடையாது.

அதைவிட முந்தைய வேலை ஒன்று உண்டு. வாசலிலேயே இருமல் உள்ளவர்களைக் கேட்டறிந்து, முகக்கவசம் கொடுத்து, தனியே உட்காரவைத்து, வரிசையில் முன்னதாக அனுப்பிவிடுவது. இதற்கு ஓர் ஊழியரும் ஒரு பெஞ்சும் போதும். அதைச் செய்யாத மருத்துவமனை விளக்குக்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அறை முடிவானதும் காற்றைப் பார்க்க வேண்டும். நோயாளி இருமுவது கீழே, கதிர் இருப்பது மேலே. கீழ்க்காற்று மேலே ஏறிக் கதிருக்குள் புகுந்து திரும்பினால்தான் கிருமி சாகும். உடல் சூட்டினால் காற்று தானாகவே ஓரளவு மேலே எழும். அதை மட்டும் நம்பக் கூடாது. மெதுவாகச் சுழலும் கூரை விசிறியே போதும். தென்னாப்பிரிக்க ஆய்விலும் லிமா ஆய்விலும் காற்றைக் கலக்கும் விசிறிகள் இருந்தன. எனவே விளக்கின் சுவிட்சும் விசிறியின் சுவிட்சும் ஒன்றாக இயங்கும்படி மின்இணைப்பு கொடுத்துவிடச் சொல்வேன். இல்லாவிட்டால், குளிர்காலத்தில் யாரோ விசிறியை அணைத்துவிடுவார்கள். விளக்கு மட்டும் ஆளில்லாத மேல்காற்றைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்.

கதிரின் அளவு அடுத்தது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் தந்த கணக்கு எளிமையானது: அறையின் ஒவ்வொரு கனமீட்டருக்கும் விளக்குப் பெட்டியிலிருந்து 15 முதல் 20 மில்லிவாட் புற ஊதாக் கதிர் வெளியே வர வேண்டும். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 90 கனமீட்டர். அதற்கு 1.35 முதல் 1.8 வாட் தேவை. இது குழாய் விளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அல்ல. அந்த எண் விளக்கு இழுக்கும் மின்சாரம். அதில் ஒரு பகுதிதான் கதிராகிறது; கதிரிலும் பெரும்பகுதியைப் பெட்டியின் தகடுகள் விழுங்கிவிடுகின்றன. ஒரே வாட் எண்ணை விளம்பரம் செய்யும் இரண்டு பெட்டிகளில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு கதிரை வெளியே விடலாம். ஆகவே பெட்டியிலிருந்து வெளிவரும் மொத்தக் கதிர் எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் அளந்த அறிக்கையாகக் கேளுங்கள். அந்த அறிக்கையைத் தர முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

உயரமும் ஈரப்பதமும் உங்கள் கட்டடத்தைப் பொறுத்தவை. பெட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 2.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கூரை அதற்கு மேலும் இடம் விட வேண்டும். தாழ்ந்த கூரை உள்ள அறைக்கு இந்த முறை பொருந்தாது, அதைக் கட்டாயப்படுத்திப் பொருத்தவும் கூடாது. காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்தைத் தாண்டும்போது கதிரின் கொல்லும் திறன் குறைகிறது. கடலோரத்திலும் மழைக்காலத்திலும் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன அளவின் மேல் எல்லையை ஒட்டித் திட்டமிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. 254 நானோமீட்டர் கதிர் தோலுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் ஆழமாக ஊடுருவுவதில்லை. ஆனால் கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். பட்ட உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல உறுத்தி, நீர் வழிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போகும். ஓரிரு நாளில் தானே ஆறிவிடும் என்றாலும், ஒருமுறை அனுபவித்த ஊழியர் அந்த விளக்கை மறுபடி எரியவிட மாட்டார். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு எல்லை. அதை எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோவாட் வருகிறது. யாரும் ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் விளக்கை நோக்கியே நிற்பதில்லை என்பதால், கண் உயரத்தில் 0.4 மைக்ரோவாட் வரை நடைமுறையில் ஏற்கிறார்கள்.

இதை அளக்கும் விதத்தைச் சொல்கிறேன். விளக்கை மாட்டிய அன்று, 254 நானோமீட்டருக்கென்று அளவுதிருத்தம் செய்த புற ஊதா மானியை எடுத்துக்கொண்டு, நிற்பவரின் கண் உயரத்தில் அறை முழுவதும் மெதுவாக நடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மானியின் முகத்தை விளக்கு, எதிர்ச்சுவர், கூரை என்று திருப்பிப் பார்க்க வேண்டும். எதிர்பாராத எண் பெரும்பாலும் விளக்குக்குக் கீழே வராது. எதிர்ச்சுவரில் பளபளக்கும் ஓர் உலோகக் குழாயிலிருந்தோ, கூரையின் பளபளப்பான பூச்சிலிருந்தோ தெறித்து வரும். டைட்டானியம் டைஆக்சைடு கலந்த வெள்ளைப் பெயின்ட் இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சுவருக்கு அதை அடிப்பது நல்லது. இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலும் மாடிப்படியின் மேல் படிகளிலும் தனியே அளக்க வேண்டும். அங்கே இருப்பவரின் கண் மற்றவர்களுடையதைவிட உயரத்தில் இருக்கிறது. அளந்த எண்களை அறையின் வரைபடத்திலேயே எழுதி வையுங்கள்.

மேலே, கதிரின் நடுவே, கணக்கு முற்றிலும் வேறு. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோவாட் இருந்தால், எட்டு மணி நேரத்துக்கான முழு அளவும் இரண்டே நிமிடத்தில் கண்ணில் இறங்கிவிடும். மின்விசிறியைப் பழுது பார்க்க ஏணியில் ஏறுபவர், ஒட்டடை அடிப்பவர், சுவருக்கு வண்ணம் பூச வந்தவர் ஆகியோர்தான் உண்மையில் பாதிக்கப்படுகிறார்கள், நோயாளிகள் அல்ல. சுவிட்சு பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விளக்கை அணைத்துப் பூட்டிய சாவியை ஏணியில் ஏறுபவர் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். விளக்கின் பக்கத்தில் எல்லோரும் படிக்கும் மொழியில் எச்சரிக்கைப் பலகை வேண்டும்.

பராமரிப்பில்தான் பெரும்பாலான மருத்துவமனைகள் கோட்டை விடுகின்றன. ஒரு வார்டில் நான் பார்த்த விளக்குகள் எல்லாம் அழகாக எரிந்துகொண்டிருந்தன. பெட்டியைத் திறந்தால் குழாயின் மேல் விரலால் எழுதும் அளவுக்குத் தூசி. மானியை நீட்டியபோது எண் அசையவே இல்லை. தூசியைத் துடைத்த பிறகும் பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் குழாய்கள் எப்போதோ ஆயுள் முடிந்தவை. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி கிருமியைக் கொல்லும் கதிர் அல்ல. குழாய் முதுமையடையும்போது கதிர் குறைந்துகொண்டே போகும், நீலம் மட்டும் அப்படியே இருக்கும். இடைவிடாது எரியும் குழாயைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அணைத்து ஆறவிட்டு, ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணியால் மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். தண்ணீரும் சோப்பும் படலம் விட்டுவிடும். மாற்றிய தேதியை மார்க்கரால் பெட்டியின் பக்கவாட்டில் எழுதிவிட்டால், அடுத்து வரும் பொறுப்பாளர் பதிவேட்டைத் தேட வேண்டியதில்லை.

ஜன்னல் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். பல நேரங்களில் போதும், சில நேரங்களில் விளக்கைவிட மேலானதும்கூட. லிமாவின் மருத்துவமனைகளில் ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது, மணிக்கு 28 முறை என்ற அளவில் அறைக் காற்று மாறியதாக 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது; இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் அது 12தான். உயர்ந்த கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடத்தில் நீங்கள் இருந்தால், அதை இடித்துக் குளிரூட்டப்பட்ட மூடிய வார்டாக மாற்ற யாரையும் விடாதீர்கள். ஆனால் காற்று வீசாத நாளில், குளிரில், இரவில், கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து ஜன்னல் மூடப்படும். நோயாளிகள் அதே காற்றைச் சுவாசிக்கும் மிக நீண்ட நேரமும் இரவுதான். அந்த மணி நேரங்களுக்காகத்தான் விளக்கு. ஜன்னல் திறக்கவே முடியாத, குளிரூட்டி உள்காற்றையே சுற்றிவிடும் அறைகளில் விளக்குக்கு இன்னும் கூடுதல் நியாயம் இருக்கிறது.

222 நானோமீட்டர் விளக்குகளையும் இப்போது விற்பனையாளர்கள் முன்வைப்பார்கள். அந்தக் கதிர் தோலின் இறந்த மேலடுக்கைத் தாண்டுவதில்லை என்பதால் ஆள்கள் மீதே நேரடியாகப் படும்படி மாட்டலாம் என்பது அவர்கள் வாதம். நம்பிக்கை தரும் தொழில்நுட்பம்தான். ஆனால் அது காற்றில் ஓசோனை உண்டாக்குகிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் அது தேங்கும், நுரையீரல் நோயாளிகளுக்கு ஓசோன் ஆகாது. 254 நானோமீட்டர் மேல்பகுதி விளக்குக்கு உள்ளதுபோல, உண்மையான காசநோய் வார்டின் காற்றில் பல மாதங்கள் சோதித்த சான்று கையில் இருக்கும் முறையையே இன்று நான் தேர்ந்தெடுப்பேன்.

வாங்கும் முன் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: பெட்டியிலிருந்து வெளிவரும் மொத்தக் கதிரின் ஆய்வக அளவீடு, ஓசோன் உண்டாக்காத கண்ணாடியில் செய்த குழாய் என்ற உறுதி, மாட்டிய அன்றும் அதன்பின் ஆண்டுதோறும் மானியால் மேலும் கீழும் அளந்து தரும் பொறுப்பு, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான மாற்றுக் குழாய்கள், பழைய குழாய்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை. அவற்றுக்குள் பாதரசம் இருப்பதால் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது, உடைக்கவும் கூடாது. மானி ஒன்றை மருத்துவமனையே சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. விளக்கை விற்றவரே அதை அளந்து சான்று தருவதைவிட, உங்கள் ஊழியர் ஒருவர் அளக்கக் கற்றுக்கொள்வதையே நான் விரும்புவேன்.